ஊர் எரிந்த பின்னும் ஊரோடு இருந்த எங்கள் அக்கா

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அக்காவை ஸ்காபரோவில், மல்வேர்ன் வீட்டில் வாழ்ந்த காலத்தில்தான் தெரியும். அதற்கு முன் அவருக்கு இன்னோர் ஊர் இருந்தது. அதைச் சொல்லாமல் அவருடைய வாழ்வைச் சொல்ல முடியாது என்பதால், கூடப்பிறந்த தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா சாவகச்சேரியில், எங்கள் பெற்றோரின் மூத்த மகளாகப் பிறந்தார். தாதியாகப் பயின்று ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தவர். நாட்டுக் கலவரத்துக்குப் பின் அத்தானுடன் கனடா வந்து நகரத்தின் பார்க்டேல் பகுதியில் ஓர் அறையில் குடியிருந்தார். அங்கு படித்த படிப்பு இங்கே செல்லவில்லை. வடக்கே, பஸ்ஸில் ஒரு பகல் முழுதும் போகவேண்டிய பைன் லான்டிங் என்ற சிற்றூரில், முதியோர் இல்லத்துக்கு ஆள் தேவை என்றார்கள். மரம் அரியும் ஆலையில் அத்தானுக்கும் வேலை இருந்தது.

"அந்தக் குளிருக்குள்ள போய் என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டேன்.

"போய்ப் பாப்பம் தம்பி. அங்கயும் சனந்தானே இருக்குது" என்றார்.

ஓர் ஏரி, ஒரு வீதி, இருமருங்கும் மர வீடுகள், அவற்றின் பின்னால் முடிவே தெரியாத காடு. அவ்வளவுதான் அந்த ஊர். விடியலில் ஏரியிலிருந்து பனிப்புகார் எழுந்து வீதிக்குள் வரும். வீடுகள் தரையில் நிற்காமல் மிதப்பது போலத் தெரியும். வெள்ளைச் சப்பாத்துடன் அக்கா அதற்குள் நடந்து மறைவதை, அங்கே போய்த் தங்கிய நாட்களில் நான் யன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். எங்கிருந்தோ ஒரு குரல் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும். புகாருக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்பு மட்டும் கேட்கும்.

பக்கத்து வீட்டில் எல்சி அன்ரி தனியே இருந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. அக்கா அவிக்கும் புட்டுக்கு எல்சி அன்ரி மேப்பிள் மரத்தின் இனிப்புப் பாணி ஊற்றித் தின்பார். அத்தான் தன் கோப்பையோடு மற்றப் பக்கம் திரும்பி இருந்துவிடுவார்.

பிறகு ஒரு கோடையில் மழை வரவேயில்லை. காடு பற்றிக்கொண்டது. சூரியன் பல நாட்கள் செம்புத் தட்டுப் போலக் கிடந்ததாம். ஒருநாள் நண்பகலில் சாம்பல் விழத் தொடங்கியது.

"ஆடி மாசத்தில பனி கொட்டுற மாதிரி இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் கனவு காணுறனோ எண்டு நினைச்சன்" என்று பின்னாளில் சொன்னார்.

எல்லாரும் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது அக்கா வேலையில் நின்றார். அத்தான் தொலைபேசியில் கேட்டார்: "உமக்கு என்ன வேணும்? கெதியாச் சொல்லும், எடுத்து வைக்கிறன்."

"எல்சியை ஏத்துங்கோ. நான் இஞ்ச இவையளோட பஸ்ஸில வாறன்."

எல்சி அன்ரியோ கதவைப் பூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றார். தீப்பொறி பற்றாதிருக்க அத்தான் அவருடைய கூரைக்குத் தண்ணீர் அடித்தார், கெஞ்சினார், கடைசியில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ட்ரக்கில் ஏற்றினார். தங்கள் வீட்டுக்குள் போக அவருக்கு நேரம் இருக்கவில்லை. எங்கள் அம்மாவின் ஒரே படமும் அக்காவின் கூறைச்சேலையும் அங்கேதான் இருந்தன.

பஸ்ஸின் பின்கண்ணாடி முழுதும் சிவந்திருக்க, முதியவர் ஒருவர் பொழுது பட்டுவிட்டதா என்று கேட்டாராம். "ஓம், பட்டிட்டுது. நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லி, அவர் கண்ணயரும்வரை அக்கா தலையைத் தடவிக்கொண்டிருந்தாராம்.

உயிர் ஒன்றும் போகவில்லை. வீதியின் பெரும்பகுதி போனது. அக்காவின் வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றது. பக்கத்தில் எல்சி அன்ரியின் வீடு யன்னல் திரைகூடக் கருகாமல் நின்றது. தன் வீடு நிற்பதைப் பார்த்து அவர் வெட்கப்பட்டு அழுதார். "அழாதை எல்சி, நான் வந்தா நிக்க ஒரு வீடு வேணுந்தானே" என்று அக்கா அணைத்துக்கொண்டதை அத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஊர் மீளவில்லை. ஆலையைத் திரும்பக் கட்டவில்லை. வேலை போக, குடும்பங்கள் போயின, பிள்ளைகள் குறைய, பள்ளிக்கூடம் மூடப்பட்டது, பிறகு கடை. ஆலையில் அத்தானோடு வேலை செய்த ஒருவர், எரிந்த தன் வீட்டு நிலத்தில் ட்ரக்கை நிறுத்தி மாதக்கணக்காக அதற்குள்ளேயே படுத்திருந்தார். எரியாத வீடுகளும் மெல்ல மெல்ல இருண்டன.

அத்தானுக்கு ஸ்காபரோவில் தொழிற்சாலை வேலை கிடைக்க, மல்வேர்னுக்கு வந்தார்கள். சிதறிப்போனவர்களை அக்கா விடவில்லை. தொலைபேசியில் பேசிப் பேசி, ட்ரக்கில் கிடந்தவரையும் தங்கையின் வீட்டுக்குப் போகவைத்தார். கோடைதோறும் எல்சி அன்ரியிடம் போய் நின்றார். ஒருமுறை நானும் போனேன். கரிந்த அடிமரங்களுக்கிடையே கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாப் பூக்கள். அக்கா அவற்றுக்கு நடுவே இறங்கி நடந்தார்.

கடைசியில் அந்த வீதியில் எல்சி அன்ரி மட்டுமே மிஞ்சினார். தங்களோடு வந்து இருக்க அவர் மறுத்தபோது அக்கா கோபித்துக்கொண்டார்: "உன்ர வீட்டுக்குத் தண்ணி அடிச்சது நீ அதுக்குள்ள தனியச் சாகிறதுக்கோ?" அந்த மாரிக்குளிர் தொடங்குமுன் எல்சி அன்ரி மல்வேர்ன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நோய் அக்காவை இந்த வசந்தத்தில் கொண்டுபோய்விட்டது. இறுதி நாட்களில் மருந்தின் மயக்கத்தில் யாருடனோ தமிழில் பேசிச் சிரிப்பார். பக்கத்தில் எல்சி அன்ரி, ஒரு சொல்லும் விளங்காமல் கூடவே சிரிப்பார்.

மரண அறிவித்தல் எழுதும்போது, பைன் லான்டிங்கை வதிவிடமாகப் போடவேண்டும் என்றார் அத்தான். "அண்ணை, அங்க இப்ப ஒருத்தரும் இல்லையே?" என்று அறிவித்தலை எழுதியவர் தயங்கினார். "அவ அங்க இருந்தவ. போடுங்கோ" என்றார் அத்தான்.

தகனத்தன்று அந்த ஊரவர்கள் வந்தார்கள். தூரத்து நகரங்களிலிருந்து, கறுப்பு உடையில், குடும்பம் குடும்பமாக. தீக்குப் பிறகு அவர்கள் ஒன்றாகக் கூடியது அன்றுதான். பெட்டியைத் தூக்க எங்களோடு ஆலைக்காரரும் தோள் கொடுத்தார்கள்.

அக்காவைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், கிரியைகளை நடத்திய குருக்கள், சமைத்துத் தந்த மல்வேர்ன் அயலவர்கள், வெகுதூரம் வந்த பைன் லான்டிங் ஊரவர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எழுதியதை எல்சி அன்ரிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: "நானும் அவளுடைய கணவரும் இங்கேதான் இருக்கிறோம். அவள் இல்லையென்று யாரும் வராமல் விடவேண்டாம்."