மூச்சிரைப்பு மாத்திரைக்கு வந்த போலீஸ்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் மருந்துக்கடை நடத்திய நாட்களில், தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்தது. என் கணவர் குவைத்துக்குப் போயிருந்தார். பார்மசி படித்தவள் நான் என்பதால் கடை முழுக்க என் பொறுப்பு.

ஒருநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். இளவயது, தெலுங்கு கலந்த தமிழ், அதட்டாத பேச்சு. மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லி, அதை வாங்கியவர்களின் பில்களைக் கேட்டார். அந்த மாத்திரையைக் கொண்டு எங்கோ போதைப்பொருள் செய்கிறார்களாம்.

"நோயாளிங்க விவரம் சார் அது. எழுத்துல கேளுங்க, காட்டறேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சாயங்காலமே கடிதத்தோடும் மருந்து ஆய்வாளரோடும் திரும்பி வந்தார். அதற்குமேல் மறுக்க எனக்கு வழியில்லை. பில்களைப் புரட்டிய சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெயரில் விரலை வைத்தார். நகரியில் பவர்லூம் ஓட்டுபவர். ஒவ்வொரு முறையும் நிறைய அட்டைகள் வாங்கியிருந்தார்.

"கூட தறி ஓட்டறவங்களுக்கும் சேர்த்து வாங்கறாரு சார். பஞ்சுத் தூசியில எல்லாருக்கும் இரைப்பு. டாக்டர் சீட்டு வெச்சிருக்காங்க."

"சரேம்மா, விசாரிச்சுக்கறேன்" என்று விலாசத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் நகரிக்காரர் வந்தார். விற்கக் கொண்டுவந்த லுங்கி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, மேல்மூச்சு வாங்க நின்றார்.

"இன்னாம்மா, மூச்சு வுடறதுக்கும் போலீசைக் கேட்டுக்கினு வுடணுமா? வூட்டு முன்னாடி ஜீப்பு வந்து நிக்குது. சீட்டெல்லாம் பார்த்துட்டு ஒண்ணும் இல்லேன்னு பூட்டாங்க. தெருவே என்னைத் திருடனாட்டம் பாக்குது. மாத்திரை வாங்கியாரச் சொன்னவங்களே இப்ப வேணாங்கறாங்க."

"உக்காருங்கண்ணா" என்று தண்ணீர் கொடுத்தேன். அவர் தொடவில்லை. தனக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துபோய் நகரிக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"நான் மரியாதையாத்தானேம்மா பேசினேன்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நீங்க பேசினது அவருக்குத்தான் கேட்டுது சார். தெருவுக்கு ஜீப்புதான் தெரிஞ்சுது."

தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "ஏம் சேயமண்டாரு?" என்றார். தான் என்ன செய்ய வேண்டும் என்று தெலுங்கில் உண்மையிலேயே கேட்டார்.

"யூனிபார்ம் இல்லாம ஒருதரம் போய்ட்டு வாங்க சார்."

போவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது நகரிக்காரரே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை பஸ்ல வந்தாரும்மா. சாதாச் சட்டை. முனை டீக்கடையில என்னைப் பக்கத்துல குந்த வெச்சு, இவரு மேல ஒரு தப்பும் இல்லேன்னு எல்லாருக்கும் கேக்கறாப்புல சொன்னாரு. அப்புறம் தறி ஓடறதைப் பாக்கணும்னு வந்தவரு, தூசி தாங்காம இருமிக்கினே வெளியே ஓடியாந்துட்டாரு."

சொல்லும்போதே சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கச் சற்று நேரமானது. இந்தத் தடவை தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மற்றவர்களின் சீட்டுகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.