கரி பூசிய நாக்கு

ஜீப்பை ஓட்டியது நான். பக்கத்தில், மடியில் டேப் ரெக்கார்டர் பெட்டியோடு ஒல்லியாக ஒரு பல்கலைக்கழகத்துக்காரர், மலைமக்களின் பேச்சொலியை ஆராய்கிறவர். பின்னால் கடுக்காய் மூட்டையோடு மலைக்காரர் இருவர். எதிரே, இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டு மறியல் செய்தவர்கள்.

பல்கலைக்கழகத்துக்காரர் யாரிடம் பேசினாலும் வாயைத்தான் பார்ப்பார். மறியல் தலைவர் வாயையும் அப்படியே பார்த்தார். வம்பாகிவிட்டது.

"இன்னாய்யா மொறைக்கிற? போலீசுக்குப் பேச்சு புடிச்சிக்கினு போறியா? பொட்டியக் கொளுத்துங்கடா!"

"மூணு வருஷ உழைப்புங்க. எரிச்சா எனக்குப் பட்டம் கிடையாது. பேசும்போது நாக்கு எங்க தொடுதுன்னு பாக்கறேன், அவ்ளோதாங்க."

பையிலிருந்து கரித்தூளை எடுத்து, எண்ணெயில் குழைத்துத் தன் நாக்கில் பூசினார். "தாத்தா" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்து, மேல்பல்லின் பின்னால் ஒட்டிய கரியைக் கண்ணாடியில் காட்டினார்.

தலைவர் குனிந்து பார்த்தார். "எனுக்கும் பூசு, பாக்கலாம்."

"அண்ணே, உனுக்குத்தான் ஏற்கெனவே கருநாக்காச்சே!" என்றான் ஒருவன்.

தலைவரே சிரித்துவிட்டார். அப்புறம் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு வாயையும் பல்கலைக்கழகத்துக்காரர் நோட்டில் வரைந்துகொண்டார். பெட்டியைத் தொடாமல் வழி விட்டார்கள்.

அவருக்குப் பயமே இல்லையா, எனக்கு இன்னும் தெரியவில்லை. மூன்று வருஷத்தில் மலையில் அவருக்கு நாக்கை நீட்டியவர்கள் ஆறு பேர். அன்று ஒரு மணி நேரத்தில் பதினாலு.