காட்டுக்கு அளவெடுக்கும் பெமிலா

உதிர்ந்த இலைகளுக்கு அடியில் கைவிட்டு, ஈரமண்ணோடு ஒரு பிடி சருகை அள்ளி முகர்ந்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் மூக்கருகே நீட்டுகிறார் பெமிலா. "மணம் கிட்டிச்சா மக்கா? இதுதான் காட்டுக்க சோறு. இதத்தான் நாம தீ வச்சுக் கொளுத்துதோம்."

குலசேகரத்தில் அவருக்குத் தையல்கடை. சனிக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு, மலையடிவாரத்து ஊரின் வாசகசாலை முற்றத்தில் ஒலிபெருக்கி கட்டிக் காட்டைப் பற்றி வகுப்பு எடுப்பார். ரப்பர் பால்வெட்டுகிறவர்கள், ஆடு வளர்க்கும் பெண்கள், துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் என்று முற்றம் நிறைந்துவிடும். கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைக் கழற்றி வைக்க ஒருநாளும் நினைவிருப்பதில்லை. அதுவும் வசதிதான்; மரத்துக்கும் நெஞ்சுயரத்தில்தானே சுற்றளவு எடுக்க வேண்டும்? வேங்கை மரத்தைச் சுற்றி நாடாவைப் போட்டு, "பிள்ள தடிச்சிட்டா. போன வருசத்து ஜாக்கெட் இனி கேறாது" என்று அறிவிப்பார். கூட்டம் சிரித்து உருளும்.

அந்தக் கூட்டத்துக்கே வராதவர் ஆபேல் ஒருவர்தான். காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டத்துக்காரர். வருடம்தோறும் இலை உதிர்ந்ததும் சருகைக் கூட்டித் தீ வைப்பார். ஒருமுறை அந்தத் தீ மலைக்காட்டுக்குள் பரவி, நீரைப் பிடித்துவைக்கும் சருகையெல்லாம் எரித்துவிட்டது. அடுத்த கோடையில் ஊர் ஓடையில் தண்ணீர் இல்லை. பெமிலா பலதடவை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார்.

"எனக்க தோட்டம், எனக்க சருகு. நீ போய் ஜாக்கெட் தையி ஏட்டி."

"சரி அண்ணே, அடுத்த வாரம் வாறேன்" என்று சிரித்தபடியே திரும்புவார்.

இந்த மாசியில் ஒரு மதியம், யாரோ அணைக்காமல் போட்ட பீடியில் மலைச்சரிவு பற்றிக்கொண்டது. பாதி தைத்த பாவாடையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார் பெமிலா. போய்ச் சேர்ந்தபோது ஊரே சரிவில் வரிசையாக நின்றிருந்தது. எல்லோருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக்கட்டி, பச்சை இலைக் கொம்பும் கையுமாக ஆபேல் கத்திக்கொண்டிருந்தார். "வீசி அடிக்காதலேய், பொறி பறக்கும்! அமுக்கு! அங்க நிக்கியவன் சருகெல்லாம் வாரி மாத்து, மண்ணு தெரியட்டு!"

ஒரு சொல் விடாமல் அத்தனையும் பெமிலா வகுப்பில் சொன்னவை. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரும் ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு வரிசையில் புகுந்தார். வெயில் தாழ்வதற்குள் தீ அடங்கியது. மேல்காட்டில் ஒரு மரம்கூடக் கருகவில்லை.

"அண்ணே, இதெல்லாம் எங்க படிச்சிய?"

கரி படிந்த முகத்தைத் துண்டால் துடைத்தார் ஆபேல். "வாரா வாரம் எனக்க வீட்டப் பாத்து மைக் கட்டிக் கத்துதே. நான் என்ன, காத அறுத்தா போடமுடியும்?"

அடுத்த சனிக்கிழமை ஒரு குலை மட்டி வாழைப்பழத்துடன் வந்து பின்வரிசையில் ஒதுங்கி நின்றார். பெமிலா குலையை வாங்கிக்கொண்டு, "தீ அணைச்சதை நீங்களே சொல்லுங்கோ" என்று அவரை முன்னால் தள்ளிவிட்டார். பிறகு ஆட்டுக்காரப் பெண்களுக்கு நடுவே இடம்பிடித்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பழத்தை உரித்தார்.