ஸ்பீக்கரில் இருபது நிமிடம்

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றின் மாடியில் ஷாரோன் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பேசுவாள். சிங்கப்பூரிலும் டெக்சாஸிலும் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் வருகிற பெண்களுக்குச் சேலையை விரித்துக் காட்டுவது அவள் வேலை. தோளில் போட்டு, முந்தானையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, "ஸ்க்ரீன்ல மெரூன் மாதிரி தெரியுதும்மா, நேர்ல பாத்தா நல்ல அரக்கு" என்று பொறுமையாகச் சொல்வாள். தமிழில் சொல்வாள், முதலாளி வீட்டாரிடம் கற்றுக்கொண்ட தெலுங்கிலும் சொல்வாள், ஆங்கிலத்திலும் சமாளிப்பாள். நாற்பது சேலையைப் பிரித்துப் போடவைத்துவிட்டு ஒன்றும் வேண்டாம் என்று வைக்கிறவளிடமும் அவள் குரல் இறங்காது.

கட்டிய கணவனிடம் மட்டும் அவளுக்குப் பேச வாய்க்கவில்லை. அதற்கு அவளைக் குறை சொன்னால் அநியாயம்.

ஷாரோனின் தாத்தா மாகறலில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டு அறுத்தவர். சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. அப்பா சாமுவேல் அங்கிருந்து கிளம்பி, சாயப்பட்டறையில் கை வேக நூல் அலசி, பிறகு ஆட்டோ ஓட்டி, ஓரிக்கைப் பக்கம் இரண்டு அறை வீடு கட்டினார். அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறையாக நகர்ந்த தூரம் மொத்தம் பதினாறு கிலோமீட்டர்தான். அதையே சாமுவேல் ஏதோ கடல் தாண்டி வந்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். மகளுக்குப் பட்டாளத்து மாப்பிள்ளை அமைந்தபோது ஆட்டோவின் முன்கண்ணாடிக்குப் புதிதாக ஒரு மாலை வாங்கிப் போட்டார்.

மாப்பிள்ளை ஜோசுவா, செவிலிமேட்டுக்காரன். பத்தொன்பது வயதில் வேலூரில் நடந்த ஆள்சேர்ப்பில் ஓடித் தேறி ராணுவத்துக்குப் போனவன், ஏழு வருஷம் ஆகிவிட்டது. தகப்பன் இல்லை. அம்மா பட்டம்மாள் அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்கிறவள். தங்கை சுகாசினியைத் தென்னேரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று ஷாரோன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். பெண்ணுக்குச் சம்மதம் என்று அதை எல்லோரும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையும் அதுதான்.

முப்பது நாள் விடுப்பில் வந்தவனைக் கல்யாணம் முடிந்த பதின்மூன்றாம் நாளே திரும்ப அழைத்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்த இடம் மலைமேல் ஒரு காவல்முகாம். செல்போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை முகாம் போனில் இருபது நிமிடம் பேசலாம், அவ்வளவுதான். பின்னால் வரிசையில் ஆள் நிற்கும்.

முதல் மாதம் ஒரு ஞாயிறு அவன் நேராக ஷாரோனின் நம்பருக்கு அழைத்துவிட்டான். பட்டம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்று மதியம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்பது ஷாரோனுக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு அவன் அழைத்ததும், இனிமேல் அத்தை நம்பருக்கே அழைக்கும்படி அவளே சொல்லிவிட்டாள்.

அத்தையின் போன் ஒரு தடவை சத்துணவுக் கூடத்து ரசத்தில் விழுந்து எழுந்தது. அன்றிலிருந்து காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஆக, ஞாயிறு தோறும் கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அந்தப் போன் ஃபிரிட்ஜ் மேல் ஏறும். பதினொன்றரைக்கு மணி அடிக்கும். பட்டம்மாள் பேசுவாள்: மழைக்குச் சுவர் ஊறியது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது. பிறகு தென்னேரி சுகாசினியை கான்ஃபரன்ஸில் சேர்ப்பார்கள். அவள் பிள்ளைகள் இரண்டும் மாமாவுக்கு ஞாயிறு பள்ளிப் பாட்டை முதலடியிலிருந்து கடைசியடி வரை பாடிக் காட்டும். பாட்டு முடிந்தால், "இந்தா, இவகிட்ட பேசு" என்பாள் பட்டம்மாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. சரி, பின்னாடி ஆளு நிக்குது. வெச்சிடட்டா?"

எட்டு மாதக் குடும்ப வாழ்க்கை இதுதான். அவனுக்கு எந்தக் காய் பிடிக்கும் என்பதைக்கூட அவள் மாமியாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

மாமியாரையோ அவளுக்கு முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. காபியில் சர்க்கரை எத்தனை, எந்த முட்டியில் வலி, கோபம் வந்தால் எந்தப் பாத்திரம் உருளும், எல்லாமே அத்துபடி. கடை முடிந்து ஷாரோன் டவுன் பஸ்ஸில் இறங்கும்போது பட்டம்மாள் தினமும் நிறுத்தத்தில் நிற்பாள். கேட்டால் கீரை வாங்க வந்தேன் என்பாள். அந்த வேளைக்கு எந்தக் கீரைக்காரி இருக்கிறாள்?

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு ஜோசுவா வழக்கத்துக்கு மாறாகப் பாட்டை நடுவில் நிறுத்தினான். அவன் பட்டாளம் மலையிலிருந்து இறங்கப் போகிறதாம். பஞ்சாப் பக்கம் ஃபெரோஸ்பூரில் மூன்று வருஷம் இருக்குமாம். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள வீடு தருவார்கள், வீடு கொஞ்சம்தான் இருக்கிறது, வேண்டுகிறவர்கள் பேர் கொடுக்க வேண்டும்.

"ஷாரோன், உனக்கு வர இஷ்டமா?"

ஃபிரிட்ஜ் மேலிருந்து அந்தக் கேள்வி வீடு முழுக்கக் கேட்டது, தென்னேரியிலும் கேட்டது. ஷாரோன் வாயைத் திறப்பதற்குள் பட்டம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஏம்பா, அவளுக்கு இங்க நல்ல வேல இருக்குது. மொழி தெரியாத ஊர்ல நீ டூட்டிக்குப் போய்ட்டா ஒத்தையில இன்னா பண்ணுவா?"

"அவ சொல்லட்டும்மா."

ஷாரோனுக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வரேன் என்றால், உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன் என்று அத்தையின் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகும். எப்படிச் சொல்ல? மென்று விழுங்கினாள். பின்னால் யாரோ இந்தியில் அவசரப்படுத்தினார்கள். "சரி, வேணாம்னா பரவால்ல" என்று ஜோசுவா வைத்துவிட்டான். பெண் பார்த்த அன்று சம்மதமாக இருந்த அதே பேசாமை இப்போது மறுப்பாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ரூக்ஷார் கடைக்கு வந்தாள். ஒலிமுகமதுபேட்டைப் பெண். அவள் கணவன் ஃபைசான் அதே பட்டாளத்தில் ஹவில்தார், அலுவலகத்து வேலை, அடிவாரத்தில் இருப்பதால் அவனுடைய போன் எடுக்கும், மேலே முகாமுக்கும் ஆபீஸ் லைனில் பேசுவான். ஷாரோனை விடப் பத்து வயது மூத்தவள், இரண்டு ஊர் ராணுவக் குடியிருப்புகளைப் பார்த்தவள். நாத்தனார் கல்யாணத்துக்குச் சேலை புரட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"நீ வரலயாமே? லிஸ்ட்ல ஜோசுவா பேரு இல்லன்னு இவரு சொன்னாரு. உம்முனு இருக்கானாம், யார்கிட்டயும் பேசறது இல்லயாம்."

ஷாரோன் கையிலிருந்த சேலையை மடிக்காமல் அப்படியே வைத்தாள்.

"லிஸ்ட்டு எப்பக்கா போவுது?"

"திங்கக்கெழம காலையில. அதுல விட்டா முடிஞ்சிது, மறுபடி எப்ப எடம் வருமோ. மூணு வருசம் கழிச்சி திரும்ப மலைக்கு ஏத்திடுவான். பேஜாரு. நான் வேணா இவருகிட்ட சொல்லி எழுதச் சொல்லட்டா?"

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பெண்டாட்டியின் பதிலை மூன்றாம் மனிதன் வாயால் கேட்டால் ஜோசுவாவை முகாமே கேலி பேசும். மருமகளின் பதில் ஊர் சுற்றித் தன் காதுக்கு வந்தால் அத்தைக்கு அது இன்னும் பெரிய அவமானம்.

"வேணாங்க்கா. ஞாயித்துக்கெழம போன் வரும். நானே சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டாள். சனிக்கிழமை முழுவதும் வாடிக்கையாளர்களிடம் பச்சையை நீலம் என்று உளறிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பதினொன்றரைக்குப் போன் ஃபிரிட்ஜ் மேல் மணி அடித்தது. ஷாரோன் உள்ளே கறிக்குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். பட்டம்மாள் சுவரைப் பற்றிச் சொன்னாள், நாய்க்குட்டிகளைப் பற்றிச் சொன்னாள். சுகாசினி சேர்ந்தாள், பிள்ளைகள் பாட ஆரம்பித்தன. அடுப்படிக் கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் போய்விட்டது. அந்தப் பாட்டுக்கு நான்கு சரணம் என்பது ஷாரோனுக்குத் தெரியும்.

இரண்டாம் சரணத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக வெளியே வந்து ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள்.

"செல்லம், கொஞ்சம் நிறுத்திக்கோங்க. மாமாகிட்ட அத்தை பேசணும்."

பிள்ளைகள் நிறுத்திவிட்டன. அவளுக்குக் கடைக்குரல் வந்திருந்தது. தெளிவாக, மரியாதையாக, நிதானமாக, கடல் தாண்டி இருக்கிற வாடிக்கைக்காரியிடம் பேசுகிற அதே குரல்.

"நான் வரேன். நாளைக்குக் காலையில என் பேரைக் குடுத்துடுங்க. போன வாரம் பேசாம இருந்தது வேணாம்னு இல்ல. அத்தை எதிர்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்பவும் தெரியல. ஆனா சொல்லிட்டேன்."

"அண்ணி, நாங்கல்லாம் லைன்லதான் இருக்கோம்" என்றாள் சுகாசினி மெதுவாக.

"இருங்க. நீங்களும் கேளுங்க."

 "நெஜமாவா?" என்று கேட்டான் ஜோசுவா. அந்த ஒரு சொல்லில் அவன் குரல் உடைந்திருந்தது. பதின்மூன்று நாளில் அவள் கேட்காத குரல் அது.

"நெஜமா."

"அம்மா? நீ இன்னாம்மா சொல்ற?"

பட்டம்மாள் பதில் சொல்வதற்குள் இருபது நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது.

 பட்டம்மாள் போய்த் தட்டு எடுத்து வைத்தாள். எந்தப் பாத்திரமும் உருளவில்லை. ஷாரோனுக்கு அதுதான் பயமாக இருந்தது. தாய் பேச்சைத் தட்டாத பிள்ளை அவன். அம்மா சரி என்று சொல்லாமல் நாளைக் காலையில் பேர் கொடுக்கமாட்டான். அடுத்த ஞாயிறு சொல்லிப் பயனில்லை.

சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டு பட்டம்மாள் நான்கைந்து வாய் சாப்பிட்டாள். பிறகு கேட்டாள்.

"நாளைக்கிதான் கடைசியின்னு உனக்கு யாரு சொன்னா?"

"ரூக்ஷார்னு ஒரு அக்கா. அவங்க வூட்டுக்காரரு அங்க ஆபீஸ்ல இருக்காரு."

"அவரு போன் எடுக்குமா?"

"எடுக்கும் அத்தை."

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

ஷாரோன் இடதுகையால் தன் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள். பட்டம்மாள் சுருக்கமாகப் பேசினாள்.

"நான் ஜோசுவாவோட அம்மா பேசறேம்மா. உங்க வூட்டுக்காரரு கிட்ட சொல்லி அவனாண்ட ஒரு வார்த்த சேத்துடு. அம்மா எழுதச் சொன்னாங்கன்னு சொல்லணும். இல்லன்னா என் வாயப் பாத்துகினு ஒக்காந்துருப்பான்."

"இப்பவே சொல்லிடறேம்மா" என்றாள் ரூக்ஷார்.

அழைப்பு முடிந்தது. ஷாரோனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது, அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று வெட்கமாகவும் இருந்தது. அத்தைக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவசர அவசரமாக வார்த்தை தேடினாள்.

"அவரை நான் நல்லாப் பாத்துக்குவேன் அத்தை. வேளைக்குச் சாப்ட வெக்கிறேன். நீங்க அவரை நெனச்சிக் கவலப்படாதீங்க."

"அவன யாரு கேட்டா?"

ஷாரோன் நிமிர்ந்தாள். பட்டம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அவன் இல்லாம ஏழு வருசம் ஓட்டிட்டேன். அது பழகிடுச்சி. நீ இல்லாம எப்படி இருக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல."

ஷாரோன் தட்டைத் தள்ளிவிட்டு அத்தையின் மடியில் முகம் புதைத்து அழுதாள். போகவில்லை என்று அவள் சொல்லவில்லை, பட்டம்மாளும் அதை எதிர்பார்க்கவில்லை. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மருமகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.