நல்ல பல்

ஈறு நோய்க்கு டாக்டரிடம் பல்லை ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டு வந்து, ஏற்காட்டு வாடகை அறையில் படுத்திருக்கிறேன். மெல்ல முடியாததால் பன்னைப் பாலில் ஊறவைத்தேன். அந்த வாசனை என்னை வாழவந்தி எஸ்டேட் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தங்கை செல்விக்கு ஈறு வீங்கியிருந்தது. அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போகாமல், அவளை மடியில் வைத்துப் பால் பன் ஊட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நொம்ப வலிக்குதும்மா" என்று அழுதேன்.

அம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கம்பவுண்டர், "எந்தப் பல்லு கண்ணு?" என்றார். ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.

"கல்லாட்டம் இருக்குதுங்களே!"

"பையன் அழுவறானுங்க, புடுங்கி உட்ருங்க" என்றாள் அம்மா.

பிடுங்கிவிட்டார். ரத்தம் துப்பிக்கொண்டே வீடு வந்தேன். அம்மா பன்னைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்ததும் செல்வி ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். அம்மா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீ பெரியவன் சாமி, நீயே தின்னுக்க."

சற்றுமுன் செல்வி போனில் விசாரித்தாள். "அம்மா இருந்திருந்தா உனக்கு ஊட்டி உட்டிருக்கும்ண்ணா."

"உனக்குத்தான் ஊட்டியிருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.