காரைப் புதரில் பீங்கான் பூ

மாசி பிறந்தால் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஞாயிறு காலையில் காப்புக்காட்டுக்குப் பூப் பார்க்கப் போவோம். எந்தப் பூவைக் கண்டாலும் அவர் ஒரு பெயர் சொல்லிவிடுவார். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

ஒருமுறை, நான் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் உடைசலோடு கிடந்த சின்ன வெள்ளைப் பூ ஒன்றை எடுத்துப்போய், முந்தின நாளே காரைப் புதருக்குள் செருகி வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். “காட்டுமல்லியில இது ஒரு வகைங்க. லேசுல கண்ணுல படாது,” என்றார். வீடு வரும்வரை சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

அடுத்த ஞாயிறு அதே புதரில் இரண்டு பீங்கான் பூக்கள் இருந்தன.

“பாருங்க, குட்டி போட்டிருக்குது,” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.