சத்துருவுக்குச் சோறு

நல்லம்மாவின் புருஷன் தவராசா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன அதே வருஷம், அவரும் நல்லம்மாவைக் கைவிட்டுவிட்டுச் சீனன்குடாவில் புஸ்பராணி என்பவளோடு குடியேறினார். வெள்ளைக்காரனாவது சொல்லிக்கொண்டு போனான். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் செத்த செய்திகூட, அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் அவளிடம் வந்தது.

அதற்குள் அவள் ஒரு சின்னச் சபையில் சேர்ந்திருந்தாள். அப்போஸ்தலரின் நிருபங்களில் உள்ளபடியே நடக்க வேண்டும் என்பது அந்தச் சபைக்காரரின் பிடிவாதம். நகை போடமாட்டார்கள், வழக்குக்குப் போகமாட்டார்கள், கூடினால் ஆளுக்கொரு சாட்சி சொல்வார்கள். நல்லம்மாவுக்கு நிருபங்களில் ஓரிடம் மட்டும் தேனாய் இனித்தது. சத்துரு பசித்திருந்தால் சாப்பாடு கொடு, அப்படிச் செய்தால் அவன் தலையில் நெருப்புத் தணலைக் குவிப்பாய் என்று பவுல் எழுதிய இடம். மற்றவர்கள் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இவள் தணலைப் பிடித்துக்கொண்டாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவளுடைய ஜெபத்தைக் கேட்டது. தவராசா செத்தபின் ஈச்சிலம்பற்றில் தமையனோடு ஒண்டிக்கிடந்த புஸ்பராணியின் கூரையைக் காற்றுக் கொண்டுபோயிற்று. தமையன் மரம் விழுந்து செத்தான். இடுப்பு விளங்காமல், தடி ஊன்றி, திருகோணமலைப் பள்ளிக்கூடமொன்றில் அகதியாய்க் கிடந்தவளை நல்லம்மாவே போய்க் கூட்டி வந்தாள். ஊர் மூக்கில் விரல் வைத்தது.

பாரை மீனின் நடுத்துண்டு புஸ்பராணிக்கு. தலையும் வாலும் நல்லம்மாவுக்கு. புதன்கிழமை மாலைகளில் சபை அவள் வீட்டில் கூடும். புஸ்பராணியை நடுவில் கதிரையில் இருத்திவிட்டு நல்லம்மா எழும்புவாள்.

"என்ர புருஷனைக் கொண்டுபோனவ இவதான். இண்டைக்கும் இவவுக்கு என்ர கையால சமைச்சுக் குடுத்தனான். ஆண்டவருக்குத் தோத்திரம்."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அந்த வேலை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: புஸ்பராணி எல்லார் முன்னாலும் அழுது மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தப் பாவி அழவில்லை. குனிந்த தலை நிமிராமல் இருப்பாள். கூட்டம் முடிந்ததும் வயிறாரச் சாப்பிடுவாள். கன்னத்தில் சதைகூட வைத்தது.

"அக்கா, இண்டைக்குப் புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்பாள்.

நல்லம்மாவுக்கு வயிறு பற்றி எரியும். தன் கட்டிலையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். அடுத்த புதன்கிழமை அதையும் சாட்சியாகச் சொன்னாள்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனபின், போதகர் ஒருநாள் புஸ்பராணியைப் பார்த்து, "நீங்களும் ஒரு சாட்சி சொல்லுங்கோவன்" என்றார்.

அவள் தடியை ஊன்றி எழும்பினாள்.

"அவர் சாகக் கிடக்கேக்க, நல்லம்மாவைக் கூப்பிடு, நல்லம்மாவைக் கூப்பிடு எண்டுதான் கேட்டவர். நான் ஆளனுப்பேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். சபை அல்லேலூயா சொன்னது.

கேட்டது கிடைத்துவிட்டது. அவர் தன்னை அடியோடு மறந்துவிட்டார் என்று நம்பி, அந்தக் கோபத்திலேயே இத்தனை வருஷமும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நல்லம்மா. அவர் கூப்பிட்டிருக்கிறார். இங்கிருந்து சீனன்குடாவுக்கு எவ்வளவு தூரம்? நடந்தே போயிருப்பாள்.

"அம்மா, மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார் போதகர். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"மன்னிச்சிட்டன்" என்றாள். பாட்டுப் பாடினார்கள்.

விடிந்ததும் புஸ்பராணியின் உடுப்புகளை ஒரு பையில் போட்டு, மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகு கட்டும் துறைக்கு அவளைக் கூட்டிப்போனாள். மூதூரிலிருந்து ஈச்சிலம்பற்றுக்கு பஸ் இருந்தது.

"அங்க எனக்கு ஆர் அக்கா இருக்கினம்?"

நல்லம்மா டிக்கற்றை அவள் கையில் வைத்தாள்.

"மன்னிச்சிட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னியள்தானே."

"ஓம், மன்னிச்சனான். இனி நீ என்ர சத்துரு இல்லை. சத்துருவுக்குத்தான் சோறு போடச் சொல்லிக் கிடக்கு."

லாஞ்சிக்காரன் புஸ்பராணியைத் தோளில் பிடித்து ஏற்றினான். நல்லம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, உலையில் ஒருத்திக்கு மட்டும் அரிசி போட்டாள்.